போர்டு போகவில்லை

பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? புது மதர்போர்டு வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

காட்சி அநேகமாக எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். புதிய பயாஸ் வந்திருப்பதாகக் கம்ப்யூட்டர் அறிவிக்கிறது. ஒரு கிளிக். 'மின்சாரத்தை நிறுத்த வேண்டாம்' என்ற எச்சரிக்கையுடன் திரையில் ஒரு கோடு மெல்ல நகர்கிறது. பாதி தூரம் போனதும் கரென்ட் போகிறது. வந்த பிறகு பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. மகளின் பன்னிரண்டாம் வகுப்பு புராஜெக்ட், வருமான வரிக் கணக்கு, பத்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் உள்ளே.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு டெல்லி நேரு பிளேசுக்கோ மும்பை லேமிங்டன் ரோடுக்கோ பெங்களூர் எஸ்.பி. ரோடுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போனால், கடைக்காரர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடும்: "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்." பல ஆயிரம் ரூபாய் செலவு. லேப்டாப் என்றால் புதிதாகவே வாங்கிவிடலாமே என்ற யோசனையும் இலவசமாகக் கிடைக்கும்.

அப்டேட்டின்போது நேர்ந்த விபத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. போர்டில் எதுவும் எரிந்துபோகவில்லை. அதில் உட்கார்ந்திருக்கும் எட்டுக் கால் சிப் ஒன்றில் எழுதியிருந்தது அழிந்திருக்கிறது, அவ்வளவுதான். அழிந்ததைத் திரும்ப எழுத முடியும்.

கம்ப்யூட்டரில் முதலில் கண்விழிப்பது இந்தச் சிப்பில் உள்ள புரோகிராம்தான். மெமரி இருக்கிறதா, திரை இருக்கிறதா, டிஸ்க் எங்கே என்று பார்த்து, பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைப்பது அதன் வேலை. இன்றைய போர்டுகளில் அதன் முறையான பெயர் யு.இ.எஃப்.ஐ. ஆனால் பழைய பெயரான பயாஸ்தான் எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யில் இந்தப் புரோகிராம் மாற்ற முடியாத ரோம் சிப்பில் இருந்தது. மாற்ற முடியாததால் கெடுக்கவும் முடியவில்லை. 1990களில், மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புகள் அந்த இடத்துக்கு வந்தன. தவறுகளைத் திருத்தும் வசதி வந்தது. கூடவே ஆபத்தும் வந்தது.

அந்த ஆபத்தை உலகத்துக்குக் காட்டியது 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் ஒருவர் முந்தைய ஆண்டு எழுதிய சி.ஐ.ஹெச். வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்தின் நினைவு நாள் என்பதால் அதற்குச் செர்னோபில் வைரஸ் என்றே பெயர் வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதிவிட்டுப் போனது. இந்தியாவும் தப்பவில்லை. அப்போதும் போர்டு போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்குகள் வேறொன்று செய்தார்கள். அதே மாதிரி போர்டிலிருந்து நல்ல சிப்பைக் கழற்றிப் பொருத்தி கம்ப்யூட்டரைக் கிளப்பினார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்துவிட்டுக் கெட்ட சிப்பைச் செருகி, புதிதாக எழுதினார்கள். அன்றைய சிப்புகள் பல சாக்கெட்டில் இருந்ததால் அது முடிந்தது. இன்று பெரும்பாலானவை போர்டோடு சால்டர் செய்யப்பட்டவை. தத்துவம் மட்டும் மாறவில்லை.

முதலில் பொறுமை

அப்டேட் என்பது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும் வேலை. அழித்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் உள்ள சில நிமிடங்கள்தான் கண்டம். அந்த நேரத்தில் கரென்ட் போவது ஒரு காரணம் என்றால், திரை அசையவில்லையே என்று பதறி பவர் பட்டனை அழுத்துவது இன்னொரு காரணம்.

பல கம்ப்யூட்டர்கள் அப்டேட்டின் நடுவே தாமாகவே அணைந்து இரண்டு மூன்று முறை எழும். இடையில் திரை கறுத்துக் கிடக்கும். டி.டி.ஆர்.5 மெமரி உள்ள போர்டுகள் அப்டேட்டுக்குப் பிறகு முதல்முறை எழும்போது, மெமரியைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்வதும் உண்டு. எனவே கரென்ட் இருக்கும் வரை அரை மணி நேரம் கை வைக்காமல் இருப்பதே முதல் சிகிச்சை. தோல்வி என்று நினைத்தது தாமதமாகவும் இருக்கலாம்.

லோகோ தெரிந்தால்

காத்திருந்த பிறகு கம்பெனியின் லோகோ திரையில் தெரிந்தாலோ, பயாஸ் செட்டப் திறந்தாலோ, சிப் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி அமைப்புகள். அப்டேட் ஆனதும் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குப் போய்விடுகிறது. டிஸ்க் முன்பு ரெய்டு முறையில் இருந்திருக்கும், இப்போது ஏ.ஹெச்.சி.ஐ. ஆகியிருக்கும். அல்லது நேர்மாறாக. விண்டோஸ் நீலத் திரை காட்டி விழுந்துவிடும். பழைய லெகசி முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால், பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று செய்தி வரும். செட்டப்பில் அந்த ஓர் அமைப்பை முன்பு இருந்தபடி மாற்றினால் போதும்.

இங்கேதான் பல வீடுகளில் உண்மையான சேதம் நடக்கிறது. விண்டோஸ் வரவில்லை என்றதும், ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பயாஸ் அப்டேட் டிஸ்க்கில் உள்ள ஒரு ஃபைலைக்கூடத் தொடுவதில்லை. அந்த ஃபார்மட்தான் எல்லாவற்றையும் அழிக்கிறது.

இன்னொரு திரை வரலாம். நீலப் பின்னணியில், பிட்லாக்கரின் 48 இலக்க எண்ணைக் கேட்கும் திரை. கம்ப்யூட்டரிலுள்ள டி.பி.எம். என்ற காவலாளி, பயாஸ் மாறிவிட்டதைக் கண்டு பூட்டைத் திறக்க மறுக்கிறது. 'நான் எதையும் பூட்டவில்லையே' என்று பலரும் திகைப்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கிய விண்டோஸ், பல கம்ப்யூட்டர்களில் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டிவிடுகிறது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு இந்த வழக்கத்தை இன்னும் பரவலாக்கியது. அப்படித் தானாகப் பூட்டிய டிஸ்க்கின் எண் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். செல்போனில் அதே கணக்கில் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். ஏ.எம்.டி. பிராசஸர் உள்ள சில கம்ப்யூட்டர்கள், எஃப்.டி.பி.எம்.மை அழித்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்டு ஒய் அல்லது என் எழுத்தை அழுத்தச் சொல்லும். 48 இலக்க எண் கையில் கிடைக்கும் வரை அழுத்த வேண்டியது என். எண்ணைத் தொலைத்துவிட்டு ஒய் அழுத்தினால் ஃபைல்களை யாராலும் மீட்டுத் தர முடியாது.

எதுவுமே தெரியாவிட்டால்

லோகோகூட வராத கம்ப்யூட்டருக்கும் ஒரு வரிசை உண்டு. எளியதில் தொடங்க வேண்டும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் அமைப்புகள் அழிந்து புதிதாகத் தொடங்கும். இதற்கென்றே போர்டில் ஜம்பரும் உண்டு, இடத்தை மேனுவல் சொல்லும். பிறகு ஒரே ஒரு மெமரி துண்டை மட்டும் வைத்து, தேவையற்ற இணைப்புகளை நீக்கிவிட்டு முயல வேண்டும்.

அதுவும் பலிக்காவிட்டால் போர்டே வைத்திருக்கும் மாற்று வழியைத் தேட வேண்டும். சில போர்டுகளில் இரண்டு பயாஸ் சிப்புகள் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும். பல புதிய டெஸ்க்டாப் போர்டுகளின் பின்புறத்தில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறது. எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில், மேனுவல் சொல்லும் பெயரில் பயாஸ் ஃபைலை வைத்து, குறிப்பிட்ட யு.எஸ்.பி. துளையில் செருகிப் பட்டனை அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும். திரை, மெமரி, ஏன், பிராசஸர்கூட வேண்டாம். மின்சாரம் மட்டும் வேண்டும். ஃபைலின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை நடக்காது. பலர் தோற்பது இங்கேதான்.

லேப்டாப்புகளிலும் மறைவாக ஒரு கதவு உண்டு. ஹெச்.பி. மாடல்கள் பலவற்றில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அழுத்த வேண்டும். டெல் மாடல்கள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப் கீக்களை அழுத்தியபடியே சார்ஜரைச் செருக வேண்டும். அழியாமல் காக்கப்பட்ட சிறு பகுதி விழித்தெழுந்து, டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ உள்ள பிரதியைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

எட்டுக் கால் சிப்

எல்லாக் கதவுகளும் மூடியிருந்தால்தான் கடைக்குப் போக வேண்டும். அப்போதும் கேட்க வேண்டியது புது போர்டு அல்ல, சிப்பைத் திரும்ப எழுதித் தர முடியுமா என்பதே. புரோகிராமர் என்ற சிறு கருவியின் கிளிப்பை சிப்பின் எட்டுக் கால்களில் மாட்டி, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எழுதுவார்கள். சிப்பைக் கழற்றியும் எழுதலாம். சாதாரணமாக புதிய போர்டு விலையில் சிறு பகுதிதான் இதற்குக் கூலி.

அந்தக் கடையில் இரண்டு கேள்விகள் கேட்பது நல்லது. முதலாவது, எழுதுவதற்கு முன் சிப்பில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து வைப்பார்களா? பயாஸ் மட்டுமல்ல, லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸ் லைசென்ஸ், சில போர்டுகளில் நெட்வொர்க் முகவரி ஆகியவையும் அதே சிப்பில் இருக்கும். வேறொரு கம்ப்யூட்டரின் நகலைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் கம்ப்யூட்டர் எழலாம், ஆனால் இன்னொருவர் பெயரில் எழும். இரண்டாவது, சிப் எத்தனை வோல்ட்? சில 3.3 வோல்ட்டில் இயங்குபவை, சில 1.8 வோல்ட். சின்ன வோல்ட்டேஜ் சிப்புக்குப் பெரிய வோல்ட்டேஜ் கொடுத்தால், அதுவரை கெடாத போர்டு அப்போது கெட்டுவிடலாம். இரண்டு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் கம்ப்யூட்டரை ஒப்படைக்கலாம்.

இதற்கிடையில் புராஜெக்ட் அவசரமாகத் தேவை என்றால் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அங்கேயும் அந்த 48 இலக்கம் வேண்டும். டிஸ்க் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்ட லேப்டாப்புகளில் மட்டும் இது முடியாது.

இத்தனை தொல்லை எதற்கு, அப்டேட்டே செய்யாமல் இருந்துவிட்டால் என்ன? ஓடுகிற கம்ப்யூட்டரின் பயாஸைத் தொடாதே என்பதுதான் ஒரு காலத்தில் நல்ல புத்திமதி. இன்று அது முழுவதும் செல்லாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் சில மிகையான வோல்ட்டேஜால் நிலைகுலைந்தபோது, 2024-இல் வந்த மருந்து பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வந்தது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது கள்ள புரோகிராம்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழ்களுக்கு 2026 ஜூனிலிருந்து ஒவ்வொன்றாகக் கெடு முடிகிறது. புதியவற்றை ஏற்கச் சில கம்ப்யூட்டர்களுக்கு முதலில் பயாஸ் அப்டேட் தேவை. விண்டோஸ் அப்டேட்டே பல லேப்டாப்புகளுக்கு பயாஸையும் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒதுங்கியிருக்க நினைத்தாலும் அது வீடு தேடி வரும்.

அதனால் தயாராக இருப்பதே வழி. போர்டின் மாடல் மட்டுமல்ல, ரிவிஷன் எண்ணும் ஒத்துப்போகும் ஃபைலைத் தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். டெஸ்க்டாப் யு.பி.எஸ்.ஸில் இருக்க வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அது யு.பி.எஸ். முறையில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் மாறும் அந்தக் கணத்திலேயே கம்ப்யூட்டர் அணைந்து எழக்கூடும். லேப்டாப்பில் சார்ஜரும் வேண்டும், பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும். பிட்லாக்கரை அப்டேட் முடியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். செட்டப் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால், பிறகு எந்த அமைப்பு எப்படி இருந்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த 48 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதிப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு உள்ளே சேமித்து வைத்தால் தேவைப்படும் நாளில் அதைப் படிக்க முடியாது.