உடல் இளைக்க ஒரு புது மதமா?

சோற்றைக் குறைத்தால் உடல் இளைக்கும் என்று ஒருவர் சொன்னால் அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் சோறு பாவம், இட்லி விஷம், கோதுமை சாத்தான், எங்கள் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கே விமோசனம் என்று சொல்லப் புறப்பட்டால், அப்பொழுது நாம் குறுக்கே நின்று சில கேள்விகள் கேட்டுத்தான் தீரவேண்டியிருக்கின்றது. ஏனெனில் இந்தப் பாட்டை நாம் முன்னமே கேட்டிருக்கின்றோம். இராகம் மாத்திரம்தான் புதிது.

சில ஆண்டுகளாகவே நம் நாட்டில் "பேலியோ" என்றும் "கீட்டோ" என்றும் இந்த முறை பலமாய்ப் பரவி வருகின்றது. அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு ஆகிய மாவுச்சத்துப் பண்டங்களைக் குறைத்து அல்லது அடியோடு நிறுத்தி, முட்டை, மாமிசம், மீன், பனீர், கீரை முதலியவற்றை உண்பதே இதன் சாரம். இதனால் இளைத்தவர்கள் இருக்கின்றார்கள். இரத்தத்தில் சர்க்கரை இறங்கினவர்களும் இருக்கின்றார்கள். கண்ணால் கண்டதை இல்லையென்பது பகுத்தறிவுக்காரன் வேலையல்ல. நாம் கேட்பதெல்லாம், இதற்கு ஒரு குரு எதற்கு? பாவப் பட்டியல் எதற்கு? ஒரு விருந்தில் லட்டு தின்றவன் பாவமன்னிப்புக் கேட்பவன் போல் கைகட்டி நிற்பது எதற்கு? இளைக்காதவனைப் பார்த்து, "நீ சரியாய் அனுசரிக்கவில்லை" என்கின்றார்களே, இது, மந்திரம் பலிக்காதபோது "உச்சரிப்புத் தவறிவிட்டது" என்று புரோகிதன் சொல்லும் சமாதானத்திற்கு எவ்விதத்தில் வேறுபட்டது? முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் போட்டுக் காட்டுகின்றார்கள். வேண்டுதல் பலித்தவன் கொண்டுவந்த வெள்ளிக் கண்ணும் வெள்ளிக் காலும்தான் கோயிலில் கிடக்கின்றன. பலிக்காதவன் எதைக் கொண்டுவந்து போடுவான்?

இந்த முறை ஏதோ நேற்று யாரோ ஒரு மகான் கண்டெடுத்ததல்ல. லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். அவர் வைத்தியரல்லர். சவ அடக்கம் நடத்திக் கொடுக்கும் தொழில்காரர். அரச குடும்பத்துச் சவ அடக்கங்களையும் அவர் குடும்பமே நடத்தி வந்தது. 1862 ஆகஸ்டில், 65 வயதில், ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு 202 ராத்தல் எடை இருந்தார். குனிந்து தம் பூட்சின் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாக மெதுவாய் இறங்குவாராம். படகு தள்ளினார், நீராவிக் குளியல் குளித்தார், மருந்துத் தண்ணீர் குடித்தார். ஒன்றும் பலிக்கவில்லை. காது மந்தமானதற்காக வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியரிடம் போனார். அவர், பாரிசில் கிளாடு பெர்னார்டு கல்லீரலைப்பற்றியும் சர்க்கரை வியாதியைப்பற்றியும் செய்த பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு வந்தவர். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு, பால், வெண்ணெய் ஆகியவற்றை விடும்படி சொன்னார். மாமிசமும், மீனும், காய்கறியும், கொஞ்சம் பழமும், சிறு துண்டு வாட்டின ரொட்டியும் சாப்பிட்டு, ஓர் ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 46 ராத்தல் குறைந்தார் பான்டிங். காதும் தெளிந்ததாம்.

பிறகு அந்த மனிதர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. 1863ல் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு முதலில் இலவசமாகவே கொடுத்தார். அதில் எந்தத் தேதியில் எத்தனை ராத்தல் என்று கணக்கு இருந்தது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது இருந்தது. தம்மைத் தெய்வமென்று யாரையும் கும்பிடச் சொல்லவில்லை. வைத்தியர்கள் சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அவருடைய பெயரே ஆங்கிலத்தில் உடல் இளைக்கப் பத்தியம் இருப்பதற்கு ஒரு சொல்லாகிவிட்டது. பெட்டி செய்கின்றவன் படித்த வைத்தியர்களுக்குப் பாடம் சொன்னான் என்பதில் நம்போன்ற பள்ளிக்கூடம் அதிகம் பாராதவர்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டுதானே!

இன்று இந்த முறையைப் பரப்புகின்றவர்கள் சொல்லும் பெரிய காரணம் என்ன? "நம் ஆதி முன்னோர் குகையில் இருந்தபோது தானியம் தின்னவில்லை, ஆகவே நாமும் தின்னக்கூடாது" என்பதே. இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. சனாதனி ரிஷி காலத்துக்குப் போகின்றான். இவர்கள் அதற்கும் அப்பால் குகைக்கே போய்விட்டார்கள். வழி ஒன்றேதான். முன்னோர் செய்தார்கள் என்பது ஒரு காரியம் சரியென்பதற்கு எப்போது ருஜுவாயிற்று? அதுவும் போகட்டும். அந்தக் குகை மனிதனாவது இவர்கள் சொல்லுகின்றபடி இருந்தானா என்றால், அதுவும் இல்லை. ஈராக்கிலும் பெல்ஜியத்திலும் கிடைத்த நியாண்டர்தால் மனிதரின் பல் காறையை ஆராய்ந்து 2011ல் வெளியிட்டார்கள். அதில் மாவுச்சத்துத் துணுக்குகள் இருந்தன. சில துணுக்குகள் சமைத்தவை. இவர்களுடைய வேதத்தை இவர்களுடைய ரிஷியே மீறியிருக்கின்றான்!

நிற்க, உண்மை என்னவென்று பார்ப்போம். முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டது என்று குதிக்கின்றார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது இதுவும் வெளியேறுகின்றது. அதன் பின் குறைவதுதான் கொழுப்பு. புரதம் வயிற்றை நிறைத்துப் பசியை அடக்குவதால் மனிதன் தன்னையறியாமலே குறைவாகத் தின்கின்றான். இதில் இரகசியம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 609 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மாவுச்சத்தையும் மற்றதற்குக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லி ஓராண்டு பார்த்து 2018ல் வெளியிட்டார்கள். முதல் கூட்டம் சராசரி 6 கிலோவும், மற்றது 5.3 கிலோவும் குறைந்தன. பெயருக்குத்தான் வித்தியாசம். இரண்டிலும் நிறைய இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடினவர்களும் இருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களைப்பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 2021ல் வந்த முடிவும் இதுபோன்றதே. ஆறாம் மாதத்தில் நல்ல பலன். பன்னிரண்டாம் மாதத்தில் அது குறைந்துவிடுகின்றது. காரணம், பலர் பழைய தட்டுக்கே திரும்பிவிடுகின்றார்கள்.

அப்படியானால் சோற்றைக் குறைப்பதே வீணா என்றால், அல்ல. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்று 2023ல் கணக்கு வந்தது. நாம் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று 2025ல் வெளியான ஆராய்ச்சி சொல்லுகின்றது. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காயும் என்னும் நம் வழக்கத்தை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் இந்த இடத்தில் இன்னொரு கூட்டம் வந்து மறிக்கின்றது. முட்டை தாமசம், மாமிசம் பாவம் என்பவர்கள்தாம். அரிசியைப் பாவமென்று முதலில் சொன்னவர்களும் இவர்களே! ஏகாதசியன்று அரிசியைத் தொடலாகாதாம். கோதுமை ரவையும், ஜவ்வரிசியும், கிழங்கும், வெல்லமும் ஆகலாமாம். அத்தனையும் மாவுச்சத்து அல்லவா? 2021 டிசம்பரில் கர்நாடகத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்து நின்றார்கள். பிள்ளையின் எலும்பைவிட மடத்தின் மடி பெரிதாய்ப் போயிற்று. சாஸ்திரிகள்தான் இப்படியென்று எண்ணவேண்டாம். 1960களில் அமெரிக்கச் சர்க்கரை வியாபாரிகளின் சங்கம் ஹார்வர்டு பண்டிதர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து, இருதய வியாதிக்குக் கொழுப்பே குற்றவாளி என்று எழுதச் செய்த கதை 2016ல் வெளியாயிற்று. தட்சணை வாங்கினால் மந்திரம் மாறும் போலும்.

எல்லாவற்றையும்விட அக்கிரமமானது, "எங்கள் முறைக்கு வந்தால் இன்சுலினை எறிந்துவிடலாம்" என்னும் பிரசாரம். இன்சுலின் வருமுன் பிரெடரிக் ஆலன் முதலிய வைத்தியர்கள் சர்க்கரை வியாதியுள்ள குழந்தைகளுக்கு மாவுச்சத்தையும் மற்ற உணவையும் கடுமையாய்க் குறைத்துத்தான் பார்த்தார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை. குழந்தைகள் எலும்புக்கூடாகிச் சில காலம் கூடுதலாய் இருந்து செத்தன. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதல் ஊசி போட்டுக்கொண்ட லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன் எடை 65 ராத்தல்தான். (இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பெயரும் பான்டிங் என்பது ஒரு வேடிக்கை.) சிறு வயதில் வரும் அந்த வகை வியாதிக்கு இன்றும் இன்சுலின் இல்லாமல் உயிரில்லை. மற்ற வகைக்காரர்களும் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டே திடீரெனச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழுவார்கள். மருந்தின் அளவை வைத்தியர்தான் பார்த்துக் குறைக்கவேண்டும். இதை மறைத்துக் கூட்டம் சேர்ப்பவனுக்கும் அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலை மட்டும் போதும் என்றவனுக்கும் என்ன பேதம்?

இன்னொரு சங்கதியை இவர்கள் யாரும் பேசுவதில்லை. ரேஷனில் மாதம் 20 கிலோ விலையில்லா அரிசி வாங்கிக் குடும்பம் நடத்துகின்றவளிடம் போய் அரிசி விஷம் என்றால் அவள் எதைத் தின்பாள்? பருப்பும் முட்டையும் மீனும் அவளுக்கு எட்டும்படி செய்ய என்ன திட்டம் வைத்திருக்கின்றார்கள்? வசதியுள்ள வீடுகளில் நடப்பது வேறொரு வேடிக்கை. புருஷன் பத்தியம் இருக்கின்றான். அவனுக்குக் காலையில் மூன்று முட்டை, மத்தியானம் கோழி, இரவில் பனீர் என்று மனைவி தனி அடுப்பு மூட்டிச் சமைக்கின்றாள். சமைத்தவள் கடைசியில் உட்கார்ந்து, பிள்ளைகள் மீத்துவைத்த சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொள்ளுகின்றாள். அவளுக்கும் இடுப்பு பெருத்திருக்கின்றது, அவளுக்கும் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கின்றது. அவளை யாராவது தராசில் ஏற்றிப் பார்த்ததுண்டா? அடுத்த முறை முட்டையை உடைக்கும்போது அவள் தட்டுக்கும் இரண்டு வரட்டும்.