திரும்பி வந்த நோயும் கூட்டு மருந்தும்



நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளான ஒருவர் நான்கைந்து மாதம் சிகிச்சை பெறுகிறார். கட்டி பெரும்பாலும் கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். வீட்டாரும் நெடுநாளைக்குப் பின் நிம்மதியாக உறங்குகின்றனர். சில மாதங்கள் கழிகின்றன. பழைய இருமல் திரும்புகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நோய் தலைகாட்டியிருக்கிறது. அந்நேரம் மருத்துவரின் அறை வாசலில் நின்று மகனோ மகளோ சொல்வது இதுதான்: "செலவைப் பற்றிக் கவலையில்லை, டாக்டர். ஒரு மருந்து போதாதென்றால் இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கொடுங்கள். ஆனால் அப்பாவிடம் மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள்."

இவ்விரு வேண்டுகோளும் அன்பில் பிறந்தவையே. எனினும் இரண்டையும் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது. மருந்தைக் கூட்டினால் நன்மையும் கூடுமா என்னும் கேள்விக்கு மருத்துவ உலகம் பல ஆண்டுகள் சோதனை செய்து சில விடைகளைக் கண்டிருக்கிறது. அவ்விடைகளை அறிந்துகொண்டால், இரண்டாவது வேண்டுகோள் ஏன் தவறானது என்பதும் தானே விளங்கும்.

நோய் ஏன் திரும்புகிறது?

நுரையீரல் புற்றுநோய் என்பது ஒரே நோயன்று. அதில் பல வகைகள் உண்டு. 'ஸ்மால் செல்' எனப்படும் சிறு உயிரணு வகையையே இங்கே எடுத்துக்கொள்வோம். நுரையீரல் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழப் பதினைந்து பேருக்கு இவ்வகை காணப்படுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் புகை பிடித்தவர்கள். இந்நோய் விரைந்து வளரும். கண்டுபிடிப்பதற்கு முன்பே உடலின் பிற பாகங்களுக்கும் பரவிவிடும்.

இந்நோய்க்கு ஒரு விந்தையான இயல்பும் உண்டு. கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சைக்கு இது முதல் முறையில் நன்றாகவே பணிந்துவிடுகிறது. சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் என்னும் மருந்துடன் எட்டோபோசைட் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலோருக்குக் கட்டி சுருங்கும். அண்மை ஆண்டுகளில் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து ஒன்றையும் இவற்றோடு சேர்க்கின்றனர். ஆயினும் கோடிக்கணக்கான புற்றணுக்களில் சில, மருந்துக்கு மசியாமல் தப்பிவிடுகின்றன. மேலே களையைப் பறித்தபின் மண்ணுக்குள் தங்கிய வேர் மறுபடி துளிர்ப்பதைப்போல், அவை பெருகி நோயாகத் திரும்புகின்றன. பெரும்பாலோருக்கு நேர்வது இதுவே.

ஆகவே திரும்பிய நோய் முன்னதைவிடக் கடினமானது. முதற் சிகிச்சை முடிந்து எத்தனை நாள் அது அடங்கியிருந்தது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கணக்கிடுவார். தொண்ணூறு நாட்களோ அதற்கு மேலோ அடங்கியிருந்து பின்னர் வந்திருந்தால், மருந்துக்கு அது இன்னும் ஓரளவு கட்டுப்படும் என எதிர்பார்க்கலாம். அதற்கு முன்பே வந்துவிட்டால் நம்பிக்கை குறைவு.

பல மருந்துகள் எதற்காக?

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் எண்ணம் வெறும் ஆசையினால் எழுந்ததன்று. ஒவ்வொரு மருந்தும் புற்றணுவை ஒவ்வொரு விதத்தில் தாக்குகிறது. ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கும் என்பதே இதன் அடிப்படை. 1960-களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் இம்முறை பயன் தரத் தொடங்கியது. ஹாட்ஜ்கின் நோய் எனப்படும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோயில், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1964 முதல் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். 1970-இல் வெளிவந்த அதன் முடிவு மருத்துவ உலகையே வியக்கவைத்தது. நான்கு பேரில் மூவருக்கு மேல் நோயின் சுவடே மறைந்தது. பலர் பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்தனர்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இம்மருந்துகளுக்குப் புற்றணு எது, நல்ல அணு எது என்று பிரித்தறியத் தெரியாது. விரைந்து பெருகும் அணுக்கள் எங்கிருந்தாலும் அவை தாக்கும். எலும்பு மஜ்ஜை, வாயின் உட்புறம், குடல், மயிர்க்கால் யாவும் இவ்வாறு பாதிக்கப்படுகின்றன. மஜ்ஜை தளர்ந்தால் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். அவை குறைந்திருக்கும் வேளையில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. உயிருக்கே உலை வைக்கக்கூடியது. முதற் சிகிச்சையில் ஏற்கெனவே களைத்துப்போன உடலில் மூன்று மருந்துகளைச் செலுத்தும்போது, நன்மை மூன்று மடங்காகும் என்பதற்கு உறுதி இல்லை. துன்பம் மட்டும் மூன்று மடங்காகிவிடவும் கூடும்.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது?

இதனால்தான் சோதனை தேவைப்படுகிறது. முதற்படியில், ஒரு சிலரிடம் எந்த அளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்க்கின்றனர். இரண்டாம் படியில், மேலும் சிலரிடம் கட்டி சுருங்குகிறதா என்று நோக்குகின்றனர். மூன்றாம் படியே தீர்ப்பு வழங்குவது. இதில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருந்தும் மற்றப் பிரிவினருக்குப் புதிய கூட்டும் கொடுத்து ஒப்பிடுகின்றனர்.

யார் எந்தப் பிரிவு என்பதைத் தேர்வது மருத்துவரன்று, நோயாளியுமன்று. நம் வீடுகளில் திருவுளச் சீட்டுப் போடுவதுபோல், ஒரு குலுக்கல் முறையே அதை முடிவு செய்கிறது. கேட்பதற்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவரே தேர்ந்தெடுத்தால், வலுவுள்ளவர்களுக்குக் கூட்டு மருந்தையும் தளர்ந்தவர்களுக்கு ஒற்றை மருந்தையும் கொடுத்துவிடுவார். பிறகு வலுவுள்ளவர்கள் அதிக காலம் வாழ்ந்தால், அது மருந்தின் பலனா, அவர்கள் உடலின் வலுவா என்று எவரும் சொல்ல இயலாது.

சோதனைகள் சொன்ன விடைகள்

1999-இல் வெளியான ஒரு சோதனையில், முதற் சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய 211 பேர் பங்கு கொண்டனர். ஒரு பிரிவினருக்கு டோப்போடெக்கான் என்னும் ஒற்றை மருந்து; மற்றவர்களுக்குச் சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் ஆகிய மூன்றின் கூட்டு. ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேர் கடந்து வாழ்ந்த கால அளவைக் கணக்கிட்டபோது, ஒற்றை மருந்துப் பிரிவில் 25.0 வாரம், கூட்டு மருந்துப் பிரிவில் 24.7 வாரம். அதாவது இரண்டும் ஒன்றே. மூச்சுத்திணறல், குரல் கம்முதல், பசியின்மை போன்ற தொல்லைகள் குறைந்தோர் ஒற்றை மருந்துப் பிரிவிலேயே அதிகம். அம்மருந்தில் இரத்தச் சோகையும் தட்டணுக் குறைவும் கூடுதலாக இருந்தன என்பதையும் சொல்லவேண்டும். எப்படியாயினும், எண்ணிக்கை கூடினால் ஆயுளும் கூடும் என்னும் நம்பிக்கை அங்கே மெய்ப்படவில்லை.

அப்படியானால் இரண்டாம் முறை மருந்து கொடுப்பதே வீணா என்று கேட்கலாம். 2006-இல் வெளியான மற்றொரு சோதனை இதற்கு விடை தந்தது. அதில் 141 நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு நோயின் தொல்லைகளைத் தணிக்கும் கவனிப்பு மட்டும் கிடைத்தது. மற்றவர்களுக்கு அதனுடன் டோப்போடெக்கான் வாய்வழி மருந்தாகவும் தரப்பட்டது. முன்னவர்களுக்கு 13.9 வாரம், பின்னவர்களுக்கு 25.9 வாரம். ஆகவே மருந்தினால் பயன் உண்டு. ஆனால் அது வாரக் கணக்கில் அளக்கப்படும் பயன்.

ஜப்பானில் கண்ட வெற்றி

இந்நிலையில் ஜப்பானில் நடந்த சோதனையை விரிவாகவே சொல்லவேண்டும். 2007 முதல் 2012 வரை, 29 மருத்துவமனைகளில், நோய் தொண்ணூறு நாட்களுக்குப் பின் திரும்பிய 180 பேர் இதில் சேர்ந்தனர். தொண்ணூறு பேருக்கு டோப்போடெக்கான். தொண்ணூறு பேருக்குச் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட், இரினோடெக்கான் ஆகிய மூன்றின் கூட்டு. கூட்டு மருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக ஐந்து சுற்றுகள் கொடுக்கப்பட்டது. வெள்ளை அணுக்களைப் பெருக்கும் ஊசியும் உடன் போடப்பட்டது.

2016-இல் முடிவு வெளியாயிற்று. ஒற்றை மருந்துப் பிரிவில் 12.5 மாதம், கூட்டு மருந்துப் பிரிவில் 18.2 மாதம். கிட்டத்தட்ட ஆறு மாதம் கூடுதல்! திரும்பி வந்த இந்நோயில் ஆறு மாதம் என்பது சிறிதன்று. ஒரு பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க, மகளின் திருமணத்தில் அமர, ஒரு கடனைத் தீர்த்துக் கணக்கை முடிக்க அது போதுமான காலம்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை என்ன? வெள்ளை அணுக்கள் குறைந்து காய்ச்சலும் கண்டவர்கள், ஒற்றை மருந்தில் நூற்றுக்கு ஏழு பேர். கூட்டு மருந்தில் முப்பத்தொரு பேர். கடுமையான இரத்தச் சோகை முன்னதில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு. பின்னதில் எண்பத்து நான்கு பேருக்கு. மேலும், அங்கே கொடுத்த டோப்போடெக்கானின் அளவு மேலை நாடுகளில் கொடுப்பதைவிடக் குறைவு. இக்காரணங்களால் பிற நாடுகளில் இக்கூட்டு பெருவழக்காகவில்லை. தேர்ந்தெடுத்த, உடல் வலுவுள்ள நோயாளிகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதே அதன் பாடம்.

பின்னர் வந்த சோதனைகளும் ஒன்றுபோல் பேசவில்லை. பிரான்சில் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், முதலில் கொடுத்த கார்போபிளாட்டின், எட்டோபோசைட் கூட்டையே மறுபடி கொடுத்தனர். நோய் அடங்கியிருந்த காலம் 2.7 மாதத்திலிருந்து 4.7 மாதமாகக் கூடியது. ஆயினும் மொத்த ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. 2022-இல் வெளியான வேறொரு பெருஞ் சோதனையில் 613 பேர் பங்கு கொண்டனர். லர்பினெக்டெடின் என்னும் புதிய மருந்து தனியே கொடுக்கப்பட்டபோது, நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்குக் கட்டி சுருங்கியதாக முன்னரே ஒரு சிறு ஆய்வு காட்டியிருந்தது. அதனுடன் டாக்ஸோரூபிசினைச் சேர்த்தால் பழைய மருந்துகளை வென்றுவிடும் என்று எதிர்பார்த்தனர். கிடைத்தது 8.6 மாதம், பழைய மருந்துகளுக்கு 7.6 மாதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதால் வெற்றியாகக் கொள்ளப்படவில்லை. கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு என்பதை இது உணர்த்துகிறது.

இப்போது வேறு வழியும் திறந்துள்ளது. உடலின் பாதுகாப்பு அணுக்களைப் புற்றணுக்களோடு பிணைத்துவிடும் டார்லடமாப் என்னும் மருந்துக்கு 2024-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2025-இல், 509 பேர் பங்குகொண்ட சோதனையில், கீமோதெரபி பெற்றவர்களுக்கு 8.3 மாதமும் இம்மருந்து பெற்றவர்களுக்கு 13.6 மாதமும் எனக் கண்டனர். இதற்கும் தனக்கே உரிய தொல்லைகள் உண்டு.

யாரிடம் கேட்பது?

மேலே கண்ட எண்களில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. எந்த மருந்து மேலானது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. ஆறு மாதம் கூடுதலாக வாழ்வதற்காக, காய்ச்சலும் ஊசியும் மருத்துவமனைப் படுக்கையுமாக இரண்டரை மாதம் கழிக்கச் சம்மதிப்பவர் உண்டு. இருக்கும் நாட்களை வீட்டுத் திண்ணையில் மனைவி மக்களோடு கழிக்க விரும்புபவரும் உண்டு. இருவரும் அறிவுடையவர்களே. ஆனால் அதைச் சொல்லத் தகுதியுள்ளவர் நோயாளி ஒருவர்தானே? அவரிடம் நோயையே மறைத்துவிட்டால், அவருடைய விருப்பத்தை எங்கே போய்க் கேட்பது?

ஜப்பானிலும் நெடுங்காலம் இவ்வழக்கம் இருந்தது. 1980-களில்கூடப் புற்றுநோய் என்னும் சொல்லை நோயாளியிடம் மறைத்து, குடும்பத்தாரிடம் மட்டும் சொல்வதே அங்குப் பெருவழக்கு. ஆனால் மருந்துச் சோதனையில் அது செல்லாது. நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவருடைய சம்மதத்தைப் பெறவேண்டும் என்று உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி நகரில் கூடி அறிவித்தது. ஆகவே ஜப்பானியச் சோதனையில் சேர்ந்த அந்த 180 பேரும் தம் நோய் திரும்பியதை அறிந்தவர்கள். சீட்டு எந்தப் பக்கம் விழுமென்று தெரியாமலே, சம்மதம் என்று கையெழுத்திட்டவர்கள். இன்று நாம் கையில் வைத்திருக்கும் எண்கள் அவர்கள் தந்தவை.

எனவே இத்தகைய நிலை நேரிடும் வீட்டாருக்குச் சில சொற்கள். நோயாளியையும் உடன் அமர்த்திக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள்: நோய் எந்த வகை? முதற் சிகிச்சை முடிந்து எத்தனை நாளில் திரும்பியது? நீங்கள் சொல்லும் மருந்து எதனோடு ஒப்பிடப்பட்டது, எவ்வளவு காலம் கூட்டியது? அதனால் வரும் தொல்லைகள் யாவை? மருந்து வேண்டாமென்றால் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்க என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வி கைவிடுவதற்கான கேள்வியன்று. அந்தக் கவனிப்பு, மருந்து எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டியதாகும்.

மருத்துவரின் அறை வாசலில் நிற்கும் அந்த மகன் உள்ளே திரும்பிச் சென்று, தந்தையின் அருகே அமர்ந்து, "அப்பா, நோய் மறுபடி வந்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று டாக்டர் சொல்கிறார், நீங்களும் கேளுங்கள்" என்று சொல்லட்டும். சொல்வதற்குக் கடினமான சொற்கள்தாம். ஆயினும் தந்தையர் பெரும்பாலோர் அதை முன்பே ஊகித்திருப்பர். யாராவது வந்து பேசமாட்டார்களா என்றுதான் காத்திருப்பர்.