விலை சொல்லும் முன்

தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் வரும் பெலிலியோஸ் லேன் சுவரில் பூக்கட்டுபவரும் சலவைத் தொழிலாளியும் கச்சாங் பூத்தே விற்பவரும் கிளி ஜோசியரும் பெரிய உருவங்களாக நிற்கிறார்கள். லாசால் கலைக் கல்லூரியின் 'ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா' நிகழ்ச்சிக்காக 2016இல் ஓர் ஓவியர் தீட்டியது அது. நம் வாசகர்களில் அந்தச் சுவரைப் படமெடுக்காதவர் குறைவு. சற்றுத் தள்ளி, கெர்பாவ் ரோடு 37ஆம் எண்ணில், 1900இல் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு. அதன் வண்ணக் கதவுகளைப் படமெடுக்காதவர் இன்னும் குறைவு.

இந்த இரண்டு படங்களையும் பெரிதாக அச்சிட்டு, சட்டமிட்டு, ஒரு கைவினைச் சந்தையில் விற்பனைக்கு வைக்கிறீர்கள் என்று கொள்வோம். வீட்டின் படத்தில் பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. கட்டடங்களையும், பொதுவிடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிற்பங்களையும், கைவினைக் கலைப்பொருள்களையும் யாரும் படமெடுக்கலாம், விற்கலாம் என்று சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டமே சலுகை தருகிறது. சுவரோவியம் அந்தச் சலுகைக்குள் வராது. அது தெருவில் இருந்தாலும் ஓவியம்தான், உரிமை ஓவியருடையது. வெயில் சாயும் வரை காத்திருந்ததும் சரியான கோணத்தைக் கண்டதும் நாம்தான், புகைப்படமும் நம்முடையதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் ஓவியத்தை அச்சிட்டு விற்க அவர் அனுமதி வேண்டும்.

சுவரின் முன்னால் சைக்கிளில் ஒருவர் போகிறார், ஓவியத்தின் ஒரு மூலை பின்னணியில் தெரிகிறது என்றால் நிலைமை வேறு. நியாயமான பயன்பாடு என்ற விதிப்படி, எதற்காகப் பயன்படுத்தினோம், மூலப்படைப்பு எத்தகையது, அதில் எவ்வளவு எடுத்தோம், அதன் சந்தையை எவ்வளவு பாதித்தோம் என்ற நான்கையும் நீதிமன்றம் சேர்த்துப் பார்க்கும். காசுக்கு விற்பது முதல் கேள்வியிலேயே நமக்குப் பாதகமாக எடைபோடப்படலாம். சுவரை முழுச் சட்டகமாக எடுத்து அஞ்சலட்டை போடுகிறவருக்கு இந்த விதி துணை நிற்கும் என்று நான் நம்பவில்லை.

தீபாவளி ஒளியூட்டில் இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. சிராங்கூன் சாலையின் குறுக்கே எழும் அலங்கார வளைவுகள் சில வாரங்களில் கழற்றப்படுகின்றன. சிற்பத்துக்கான சலுகையோ தற்காலிகமாக வைக்கப்பட்டவற்றுக்குப் பொருந்தாது. கூட்டமும் கடைகளும் பேருந்தும் நிறைந்த தெருக்காட்சியில் வளைவு ஒரு பகுதியாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து. வளைவை மட்டும் தனித்தெடுத்து நாட்காட்டியில் போடுகிறவர், வடிவமைத்தவரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். மெர்லயனுக்கு இன்னொரு வேலி. சிலை என்ற அளவில் அதைப் படமெடுக்கத் தடையில்லை. ஆனால் மெர்லயன் சின்னத்தை நினைவுப்பொருள்களில் பயன்படுத்த சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் அனுமதி தேவை.

இவ்வளவும் மற்றவர்களின் உரிமை. நம் உரிமையைப் பற்றி நம்மில் பலர் இன்னும் பழைய சட்டத்தையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே போனது. 2021 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அன்றிலிருந்து எடுத்தவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் ஒப்பந்தம் நிற்கும். முதலாளியின் கீழ் வேலையாக எடுத்த படம் முதலாளிக்குப் போகும். பதிவு, கட்டணம், முத்திரை எதுவும் வேண்டாம், ஷட்டரை அழுத்திய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது.

ஆகவே கேட்டரிங் கடைக்காரர் மெனு அட்டைக்காக உங்களிடம் தோசையைப் படமெடுக்கச் சொல்லி 200 வெள்ளி தந்தால், எழுத்தில் எதுவும் இல்லாதபோது பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அவர் வாங்கியது மெனு அட்டையில் போடும் அனுமதியை. அதே படத்தை அவர் பேருந்தின் பக்கவாட்டில் ஒட்ட நினைத்தால் மறுபடியும் உங்களிடம் வரவேண்டும். இதை வேலைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் நான்கு வரி எழுதி, அவரிடமிருந்து 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு, எத்தனை நாளைக்கு, எந்தெந்த இடத்தில் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பெரும்பாலான சண்டைகள் இந்த நான்கு வரி இல்லாததால் வருபவை.

அதே சட்டம் தந்த இன்னொரு உரிமை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு படைப்பைப் பொதுவெளியில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைத் தெளிவாக, கண்ணில் படும்படி குறிப்பிட வேண்டும். பதிப்புரிமையை விற்ற பின்னும் இந்த உரிமை படைத்தவரிடமே இருக்கும். நம் சங்க மலர்களிலும் விழா அழைப்பிதழ்களிலும் 'படம்: இணையம்', 'நன்றி: கூகுள்' என்று போடும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. கூகுள் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் வேலைக்குப் போய்விட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு, பெருமாள் கோயில் வாசலில் இரவு முழுக்க நின்ற ஒருவர் இருக்கிறார். அவருடைய பெயரை விடுவது இப்போது மரியாதைக் குறைவோடு நிற்பதில்லை, சட்டப் பிழையும்கூட. மலர்க் குழுவில் இருக்கும் நம் வாசகர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.

தன் படத்துக்காகக் கடைசி வரை நின்ற ஒரு சிங்கப்பூர்க் கலைஞரை இங்கே நினைக்கிறேன். ஜிங்னா ஜாங், சிங்கப்பூரின் துப்பாக்கி சுடும் அணியிலிருந்து புகைப்படத்துக்கு வந்தவர். 2017இல் ஹார்ப்பர்ஸ் பஜார் வியட்நாம் இதழுக்காக அவர் எடுத்த படத்தை, லக்சம்பர்க்கில் ஜெஃப் டீஷ்பர்க் என்ற இளம் ஓவியர் திருப்பிப்போட்டு வரைந்து, 2022இல் ஸ்ட்ராசன் கலைவிழாவில் 1,500 யூரோ பரிசு பெற்றார். ஜாங் வழக்குத் தொடுத்தார். படத்தின் தோற்றநிலையில் தனித்தன்மை இல்லை என்று கீழ் நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் தள்ளிவிட்டது. அவர் விடவில்லை. 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. விளக்கும் தோற்றநிலையும் பார்வையும் தேர்ந்தெடுப்பவரின் படைப்பே என்று புகைப்படக்காரர்கள் உலகெங்கும் சொல்லிவந்ததற்கு அந்தத் தீர்ப்பு வலு சேர்த்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் அவரும் சில ஓவியர்களும், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றத் தங்கள் படைப்புகளை எடுத்ததாகக் கூகுள் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். இதில் நம் நாட்டுச் சட்டம் நமக்கு ஆதரவாக இல்லை என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டப்படி அணுகக் கிடைக்கும் படைப்புகளைக் கணினிப் பகுப்பாய்வுக்காக நகலெடுப்பதை 2021 சட்டம் அனுமதிக்கிறது. அது வணிக நோக்கமாக இருந்தாலும் சரி. ஒப்பந்தத்தில் மறுத்து எழுதினாலும் செல்லாது. எனவே விற்கும் தரத்திலுள்ள கோப்பைத் திறந்த இணையத்தில் வைக்காதீர்கள். காட்டுவதற்குச் சிறிய அளவு போதும்.

ஒருவர் உங்கள் படத்தைத் திருடிவிட்டால் எங்கே போவது? கூலி தராதவர் மீது சிறு உரிமைகோரல் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது ஏற்கும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. பதிப்புரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம்தான். 2022 ஏப்ரல் முதல் அங்கே அறிவுசார் சொத்து வழக்குகளுக்கு எளிமையான நடைமுறை ஒன்று இருக்கிறது, செலவுக்கும் அதில் உச்சவரம்பு உண்டு. ஆனாலும் பொழுதுபோக்காளருக்கு அது பெரிய செலவே. முதலில் ஒரு கடிதம், அதோடு மூலக் கோப்பு உங்களிடம் இருப்பதற்கான சான்று. ரா கோப்புகளை அழிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கணக்கு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே விற்றால் அக்ராவில் வணிகப் பெயர் பதிய வேண்டியதில்லை. 'இன்னார் ஸ்டூடியோ' என்று பெயர் வைத்தால் பதிய வேண்டும். தொழிலாகச் செய்து வரும் வருமானம் வரிக் கணக்கில் வரவேண்டும், நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் பங்களிப்பும் உண்டு.

இதற்கு மேல் வருவது நம் வாசகர்களில் பெரும் பகுதியினருக்கு மிக அவசரமான செய்தி. தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச் சீட்டிலோ எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ வந்திருப்பவர்கள், அந்தச் சீட்டில் எழுதியுள்ள முதலாளிக்கும் வேலைக்கும் மட்டுமே அனுமதி பெற்றவர்கள். சனிக்கிழமை நண்பர் வீட்டு வளைகாப்புக்குப் படமெடுத்து 300 வெள்ளி வாங்குவது, சிறிய தொகைதானே என்று தோன்றினாலும், அனுமதியில்லாத வேலையாகிவிடும். உரிய அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதோடு சீட்டும் போய்விடும். நீங்கள் எடுத்த படத்தை ஒரேயொரு முறை விற்பது தொழிலாகுமா என்று வாதிட்டுப் பார்க்கும் இடம் இதுவல்ல. மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டுப் பதில் வரும் வரை, படத்தை அன்பளிப்பாகக் கொடுங்கள். பணம் வாங்காதீர்கள். இவர்களிடம் மலிவுக் கூலிக்கு வேலை வாங்கும் உள்ளூர்க் கல்யாண ஸ்டூடியோக்காரர்களுக்கும் இதே வேண்டுகோள். உங்கள் அவசரத்துக்கு இன்னொருவரின் பிழைப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

கடைசியாக, முகங்கள். 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அடையாளம் தெரியும் முகம் தனிநபர் தகவலே. குடும்ப ஆல்பத்துக்கு எடுப்பவரை அந்தச் சட்டம் தொடாது. விற்கத் தொடங்கியதும் அந்த நிழலை விட்டு வெளியே வந்துவிடுகிறோம். பொதுவிடத்தில் இயல்பாகக் கண்ணில் படுபவரை ஒப்புதல் இன்றி எடுக்க விதிவிலக்கு உண்டு. ஆகவே தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் காவடி எடுத்துவருபவரைப் படமெடுப்பது சட்டமீறல் ஆகாது. கண்காட்சியில் தொங்கவிடுவதும், செய்திக்கு விற்பதும் ஒரு வகை. அதே படத்தை வணிகப் பயன்பாட்டுக்கென்று ஸ்டாக் தளத்தில் ஏற்றுவது வேறு வகை. அதற்குப் படத்தில் இருப்பவரின் கையெழுத்தை அந்தத் தளங்களே கேட்கின்றன. வாங்குகிறவர் அந்த முகத்தை எதன் பக்கத்தில் போடுவார் என்று நமக்குத் தெரியாது. அலகு குத்திய நாக்கோடு விரதம் முடிக்கும் ஒருவரின் முகம் வலிநிவாரணி விளம்பரத்தில் வந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்?

தேக்காவில் ஞாயிறு மாலை புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசும் தொழிலாளர்களின் படங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். நம்மவர் எடுக்கும் தெருப் படங்களில் அதிகம் பரிசு வாங்குபவை அவையே. அவர்களிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதைக் காண்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்ட கையெழுத்தை நான் ஒப்புதலாக ஏற்கமாட்டேன். அப்படி வந்த படத்தை இந்த இதழ் இனி வெளியிடாது.

ஒப்புதல் தாளைத் தமிழிலும் வங்காளத்திலும் தயாரித்துக்கொள்ளுங்கள். எந்தப் படம், எங்கெல்லாம் வரக்கூடும், விற்றால் அவருக்கு என்ன, வேண்டாமென்றால் யாரை அழைப்பது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் தயங்கினால் படத்தை விற்காதீர்கள். சம்மதித்தால், அடுத்த ஞாயிறு ஒரு பிரிண்டை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.