கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்

பார்க்கின்சன் கிளினிக்கில் கை நடுக்கத்தைப் பார்க்கிறோம், விறைப்பைச் சோதிக்கிறோம், எழுந்து நடக்கச் சொல்கிறோம். லொத்தர் சீட்டுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் டோபமின் தூண்டிகளான பிரமிபெக்சோல், ரொபினிரோல் இரண்டும் அசைவைச் சீராக்குவதோடு நின்றுவிடுவதில்லை. ஆசையையும் இன்பத்தையும் ஆளும் மூளைப்பகுதியில் செறிந்துள்ள டோபமின் டி3 ஏற்பிகளையும் வலுவாகப் பற்றுகின்றன. சூதாட்டம், அடங்காத பாலியல் நாட்டம், தேவையில்லாததை வாங்கிக் குவித்தல், அளவு மீறி உண்ணுதல் எல்லாம் அங்கிருந்தே வருவதாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளரிடம் நடத்தி 2010இல் வெளியான டொமினியன் ஆய்வில், இவ்வகை மருந்து எடுத்தோரில் 17.1 வீதத்தினரிடம் இக்கோளாறுகள் காணப்பட்டன, எடுக்காதோரில் 6.9 வீதம். ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர். இதை அரிய பக்கவிளைவு என்று ஒதுக்க முடியாது.

படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு வாவி கடந்து கிளினிக்குக்கு வரும் ஒரு தகப்பனுக்கு இது வந்தால், "வயசு போன காலத்தில புத்தி கெட்டுப் போச்சு" என்றே வீட்டார் நினைப்பார்கள். மருந்து தொடங்கிப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தே நடத்தை மாறுவதால், குளிசையில் எவருக்கும் சந்தேகம் வராது. மனைவியின் நகை அடகுக்குப் போன பிறகும் வராது. நோயாளியும் வாய் திறக்கமாட்டார். வெட்கம் ஒருபுறம், சொன்னால் மருந்தை வெட்டிவிடுவார்களோ என்ற பயம் மறுபுறம். முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் கொப்பியோடு நிற்கும்போது அவர் எப்படிச் சொல்வார்? தனியே கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அவர் சம்மதித்தால் மனைவியிடமோ மகளிடமோ பேச வேண்டும். இளவயதில் நோய் வந்தவர்களிடமும், குடும்பத்தில் சூதாட்டப் பழக்கம் உள்ளவர்களிடமும் இன்னும் கவனம் தேவை. நாட்டு வைத்தியத்தில் பூனைக்காலி வித்து எடுக்கிறாரா என்றும் கேளுங்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா அதில் உண்டு.

கண்டுபிடித்த பதற்றத்தில் மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிடக்கூடாது. கடும் பதகளிப்பும் மனச்சோர்வும் வரலாம். லெவோடோபாவைக் கூட்டினாலும் அவை தணிவதில்லை. படிப்படியாகவே குறைக்க வேண்டும். பதற்றத்தில் செய்யக்கூடாத இன்னொன்றும் உண்டு. இரவில் இல்லாத ஆட்களைக் கண்டு கத்தும் நோயாளிக்கு ஹலோபெரிடோல் ஏற்றுவது அதைவிட ஆபத்தானது: விறைத்து, விழுங்கவும் முடியாத நிலைக்கு அவர் போகலாம். முதலில் அந்தக் குழப்பத்துக்குக் காரணமாகத் தொற்று இருக்கிறதா, பென்செக்சோல் எடுக்கிறாரா என்று பாருங்கள்.

பிரமிபெக்சோல், ரொபினிரோல் எழுதும் அன்றே நோயாளியிடமும் வீட்டாரிடமும் இந்த நடத்தை மாற்றங்களை விளக்கிச் சொல்லுங்கள். சொன்னதைக் கிளினிக் கொப்பியில் குறியுங்கள். அடுத்த தவணையிலும் கேளுங்கள்.