அபராத ரசீது வருது, புழு மருந்து எப்போ வரும்?

2024 ஜூன்ல திருவொற்றியூர்ல ஒரு எருமை பெண் ஒருத்தரை முட்டி இழுத்துட்டுப் போன வீடியோவைப் பார்த்து எல்லாரும் பதறினோம். அதுக்கப்புறம் மாநகராட்சி செஞ்சது என்ன? மாட்டுக்காரங்களுக்கு அபராதத்தை 5,000-லிருந்து 10,000 ஆக்குச்சு.

மாட்டை ரோட்டுல விடுறது தப்பு. அதுல நமக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா மாடு ஏன் ரோட்டுக்கு வருதுன்னு கேட்டீங்களா ஆட்சியாளர்களே?

மணலி, எண்ணூர் பக்கம் மேய்ச்சல் நிலம் எங்கே? கம்பெனியும் கன்டெய்னர் யார்டும் போக மிச்சம் கால்வாய்க் கரையும் குப்பைமேடும்தான். ஒரு மாட்டோட சாணத்துல விழுற புழு முட்டை ஈரப்புல்லுல பொரிச்சு அடுத்த மாட்டு வயித்துக்குள்ள போகுது. தேங்கின தண்ணியில இருக்கிற நத்தை வழியா தட்டைப்புழு கல்லீரல் வரைக்கும் ஏறுது. எருமைக் கன்னுக்குட்டிக்கு இன்னும் கொடுமை, தாய்ப்பால்லயே புழு வந்துடும். வயிறு பானை மாதிரி உப்பி, கழிஞ்சே செத்துப்போகும்.

போடுற தீவனத்தைப் புழு தின்னா பால் எப்படி வரும்? பால் குறைஞ்சா புண்ணாக்கு வாங்கக் காசு இல்ல. காசு இல்லன்னா கயித்தை அவிழ்த்து விட்டுடுறாங்க. இது ஒன்னு மட்டுமே காரணம்னு சொல்லல. ஆனா இதைப் பத்தி யாருமே பேசுறதில்லையே!

இத்தனைக்கும் மருந்து ஒன்னும் புதுசு இல்ல. தேசிய குடற்புழு நீக்க நாள்னு 2015-லிருந்து பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற அதே அல்பெண்டசோல்தான் மாட்டுக்கும். "அப்போ கடையில வாங்கி ஊத்த வேண்டியதுதானே?"ன்னு ஒரு கூட்டம் கமெண்ட்ல வரும். எடை தெரியாம கம்மியா ஊத்தினா புழு மருந்துக்குப் பழகிடும். ஆரம்பச் சினையில அல்பெண்டசோல் கொடுக்கவே கூடாது. மருந்து கொடுத்து சில நாள் பாலை விற்கவும் கூடாது. அதுக்குத்தான் டாக்டர் வேணும்.

1989-ல தொடங்கின கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே மாதவரம் பால்பண்ணையிலதான் இருக்கு. மணலிக்குப் பக்கத்து ஊரு! "முகாம் நடத்துறோமே"ன்னு சொல்லாதீங்க. விடியக்காலைல பால் கறந்து ஊத்திட்டு வர்றவர், டிரெய்லர் லாரிக்கு நடுவுல மாட்டை ஓட்டிட்டு முகாமுக்கு வரணுமா?

நாம கேட்கிறது இதுதான். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை, சாணத்தைப் பரிசோதிச்சு வீட்டு வாசல்லயே மருந்து. அபராதம் போட விலாசம் தெரியுதுல்ல? அதே விலாசத்துக்கு டாக்டரை அனுப்புங்க. வசூலான அபராதத்துலயே செலவு பண்ணுங்க.

தோழர்களே, உங்க வார்டு கவுன்சிலரை டேக் பண்ணிக் கேளுங்க. தெருவுல மாடு வச்சிருக்கிறவங்ககிட்ட 1962-ங்கிற கால்நடை ஆம்புலன்ஸ் நம்பரையும் சொல்லி வையுங்க. நிறைய பேருக்கு அது இருக்கிறதே தெரியாது.

#வடசென்னை #புழுமருந்து_எப்போ