குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறங்க!

“பக்கத்து வீட்ல போய்க் கேளும்மா. எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்குது!”

குடும்பநலக் கணக்கெடுப்புக்காக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்ணிடம் என் மாமியார் சொன்னது இது. மாசி வெயில். தோளில் கனமான பை, கையில் டேப்லெட். அந்தப் பெண் சிரித்தபடி நின்றார். “பக்கத்து வீட்டுக்குப் போக முடியாதும்மா. குலுக்கல்ல உங்க வீடுதான் வந்திருக்கு.”

அன்று வேண்டாவெறுப்பாக உள்ளே கூப்பிட்டோம். என் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சின்னக் கருவி 9 என்று காட்டியது. “ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாதுக்கா. ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை ‘வயசாகுது’ என்றுதான் நினைத்திருந்தேன். அது ரத்தசோகை!

அதன் பிறகுதான், இந்தக் கணக்கெடுப்பை நடத்துவது யார் என்று தேடிப் படித்தேன். மும்பை தியோனாரில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். 1956ல் தொடங்கியது. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக, தேசிய குடும்பநல ஆய்வை 1992-93 முதல் நடத்தி வருவது இதுதான்.

2019-21ல் நடந்த ஐந்தாவது சுற்றில் 6.36 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். பல நூறு வீடுகளுக்கு ஒரு வீடு. நாம் கதவைச் சாத்தினால், பதிலுக்கு இன்னொரு வீட்டைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள், பேச நேரம் உள்ளவர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கேட்டால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நம் ஒரு வீட்டின் மௌனம், நம்மைப் போன்ற பல நூறு வீடுகளின் மௌனம்.

அந்தச் சுற்றில் தெரிந்தது என்ன? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல்! இந்திய அளவில் 57 சதவிகிதம்; அதற்கு முந்தைய சுற்றில் 53. பள்ளிக்கூடத்தில் உங்கள் மகளுக்கு வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்களே, அந்தத் திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க அன்று உதவியதும் இந்தக் கணக்குதான்.

இதே நிறுவனம் 45 வயதைத் தாண்டியவர்களுக்காகத் தனியே ஓர் ஆய்வும் நடத்துகிறது. 2017-18ல் நடந்த முதல் சுற்றில் 72,000க்கும் அதிகமானவர்கள் கலந்துகொண்டார்கள். பிடியின் பலம், நடக்கும் வேகம் எல்லாம் அளப்பார்கள். பத்து வார்த்தைகளைப் படித்துக் காட்டி, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். அதே ஆட்களைச் சில வருடங்கள் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான், முதுமை யாரை எப்போது தள்ளாட வைக்கிறது என்று புரியும்.

வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் இங்கே வழி இருக்கிறது. கணக்கு, புள்ளியியல், பொருளாதாரம், சமூகவியல் படித்தவர்கள், தியோனாரில் மக்கள்தொகை ஆய்வியல், உயிர்ப்புள்ளியியல் போன்றவற்றில் முதுகலை படிக்கலாம். முனைவர் பட்டமும் உண்டு. சேர்க்கை அறிவிப்பை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டம் காந்திகிராமத்திலும் ஒரு மக்கள்தொகை ஆய்வு மையம் இருக்கிறது. வீடு வீடாகப் போகும் வேலைக்கு, உள்ளூர் மொழியும் பொறுமையும் உள்ள பெண்கள் எப்போதும் தேவை. எங்கள் வீட்டுக்கு வந்தவரும் அப்படிச் சேர்ந்தவர்தான்.

‘யாரென்று தெரியாமல் எப்படி உள்ளே விடுவது?’ நியாயமான கேள்வி. அடையாள அட்டையைக் கேளுங்கள். எதற்காக இந்த ஆய்வு என்று கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றும், ரத்தம் தர மாட்டேன் என்றும் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண் என்று பேச்செடுத்தால், கதவைச் சாத்திவிடுங்கள்.

ஆனால், பதில் சொல்வதென்றால் உண்மையைச் சொல்லுங்கள். “பிரஷரா, எனக்கா?” என்று அன்று கேட்ட என் மாமியார் கையில் பட்டையைக் கட்டியதும் 160 என்று காட்டியது. இப்போது தினமும் மாத்திரை போடுகிறார். நானும் முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையுமாக மூன்று மாதத்தில் 11க்கு வந்தேன்.

போன வாரம் அவரிடம் கேட்டேன், “அந்தப் பொண்ணு மறுபடி வந்தா என்ன செய்வீங்க அத்தை?”

“குழம்பை இறக்கி வெச்சுட்டுக் கதவைத் திறப்பேன். வெயில்ல வந்த பிள்ளை, முதல்ல ஒரு டம்ளர் மோர் குடு” என்றார்.