இல்லத்து விஞ்ஞானம்: ஓசோன் நீச்சற்குளம்

கரமனையில் வசிக்கும் சங்க அன்பர் ஒருவர் ஓர் ஐயத்தை எழுதியனுப்பியுள்ளார். புதிதாகக் கட்டப்பெற்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத்தில், நீச்சற்குளம் ஓசோனால் சுத்திகரிக்கப்படுவது என்றும் குளோரின் அறவே இல்லை என்றும் கண்டிருக்கிறதாம். அங்கே பிள்ளைகளை நீந்தவிடலாமா என்று கேட்கிறார். சாதாரண ஐயமாகத் தோன்றினும், இவ்வூரில் இன்று இஃது உயிரைப் பற்றிய கேள்வியேயாகும்.

2024 ஆம் ஆண்டில் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் குளத்து நீரோடு தொடர்புடையதாக இளைஞர் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் கண்டது, ஒருவர் இறந்தார். 2025 செப்டம்பரில், நோயுற்ற 17 வயது மாணவர் ஆக்குளம் சுற்றுலா கிராமத்து நீச்சற்குளத்தில் குளித்திருந்தார் என்று தெரியவந்ததும், சுகாதாரத்துறையினர் அக்குளத்தை மூடி, நீரைச் சோதனைக்கு எடுத்தனர். இந்த அமீபா குடிநீரோடு வயிற்றுக்குட் சென்று தீங்கு செய்வதன்று. மூக்கின் வழியே புகுந்து மூளையை அடைவது. வெதுவெதுப்பான நன்னீர் இதற்கு உவப்பானது.

இனி ஓசோனுக்கு வருவோம். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்துள்ளன. மும்மூன்றாகச் சேர்ந்தால் அதுவே ஓசோன். மின்பொறி பறக்குமிடத்தில் எழும் காரமான வாடை இதனுடையதே. பேஸல் நகரத்துப் பேராசிரியர் ஷேன்பைன் 1840 இல் இதற்குப் பெயரிட்டபோது, மணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். பிரான்சு தேசத்து நீஸ் நகரில் 1906 முதல் குடிநீரைத் தூய்மை செய்ய இது பயன்பட்டது.

உலர்ந்த காற்றையோ பிராணவாயுவையோ உயர்ந்த மின்னழுத்தமுள்ள குழாயினூடே செலுத்தினால் ஓசோன் உண்டாகிறது. அதனை மூடிய தொட்டியில் நீரோடு கலக்கின்றனர். கிருமிகளின் மேலுறையைச் சிதைப்பதில் இது குளோரினைக் காட்டிலும் வேகமானது. வயிற்றுப்போக்கை விளைவிக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் குளோரின் நீரிலும் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். ஓசோன் அதனையும் அழிக்கவல்லது. கண்ணெரிச்சலுக்குக் குளோரின் மிகுதியே காரணமென்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து பிறக்கும் குளோரமீன்களே அதற்குக் காரணம். ஓசோன் இவற்றையும் குறைக்கிறது.

இத்தனை சிறப்பிருந்தும் ஓசோன் நிலைத்து நிற்பதில்லை. சாதாரண வெப்பத்தில், நீரிலுள்ள ஓசோன் ஏறத்தாழ 20 நிமிடங்களிற் பாதியாகிவிடும். சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடாதலால், குளத்திற்குட் புகுமுன் அதனை நீக்கிவிடவும் வேண்டும். ஆகவே பிள்ளை நீந்துமிடத்தில் ஓசோன் இல்லை! பக்கத்தில் நீந்துபவர் அந்த நொடியிற் கொண்டுவரும் கிருமியைத் தடுக்க அங்கே காவல் ஏது? புட்டியில் அடைத்து விற்கும் நீருக்கு ஓசோன் போதும். அதில் எவரும் இறங்கிக் குளிப்பதில்லை. ஜெர்மானியர் தம் நீச்சற்குள விதிகளில் ஓசோனுக்குப் பின்னும் குளோரினை வற்புறுத்துவது இதனாலேயே. வெந்நீர்த் தொட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். சூடான நீரில் ஓசோன் குறைவாகவே கரையும், குளோரினும் விரைவில் தீர்ந்துவிடும்.

பத்மதீர்த்தத்திற்கு ஓசோன் விடலாகாதா என்று கிழக்கேகோட்டை நண்பர் ஒருவர் வேடிக்கையாக வினவினார். திறந்த குளத்தின் சேறும் இலையும் பாசியுமே அத்தனை ஓசோனையும் விழுங்கிவிடும். எஞ்சியது மீன்களைக் கொல்லும். வடிகட்டி வழியாக நீர் இடைவிடாது சுழன்றுவரும் கட்டிய குளத்திற்கே இம்முறை பொருந்தும்.

எனவே கரமனை அன்பர் "குளோரின் இல்லை" என்பதைப் பெருமையாகக் கொள்ள வேண்டா. லிட்டருக்கு 1 மில்லிகிராமேனும் தனிக் குளோரின் உண்டா, கார அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் உள்ளதா, நாள்தோறும் அளந்து குறித்துவைக்கிறார்களா என்று மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். குறிப்பேட்டைக் காட்டத் தயங்கினால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். குளித்த சில நாட்களிற் கடுந்தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் கண்டால், எங்கே குளித்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். 2024 இல் கோழிக்கோட்டு மாவட்டத்தில் 14 வயதுச் சிறுவன் இந்நோயினின்று பிழைத்தது, நோயைக் காலத்தே கண்டு மருந்து தொடங்கியதனாலேயே.